நெல்லி சொன்னதும் சொல்லாததும்

எமிலி பிராண்டே எழுதிய ஒரே நாவல் ‘வுதரிங் ஹைட்ஸ்’. 1847 டிசம்பரில் எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் வெளிவந்தது. யார்க்‌ஷயரின் மேட்டுநிலத்தில் காற்று ஓயாத ஒரு பழைய பண்ணைவீடு. சில மைல் தள்ளி, மரங்கள் சூழ்ந்த வளாகத்துக்குள் திரஷ்கிராஸ் கிரேஞ்ச் என்ற மாளிகை. இவ்விரு வீட்டாரின் இரண்டு தலைமுறை ரகசியங்களையும் சொல்பவள் நெல்லி டீன் என்ற பணிப்பெண். கிரேஞ்சுக்குக் குடிவந்த லாக்வுட் அவளிடம் கேட்டதை எழுதிவைக்கிறார். குடும்பக் கதையை வேலைக்காரியின் வாயால் சொல்லவைத்த இந்த உத்தியால் நாவல் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு.

பெற்றதே அதிகம். ஏனென்றால் ரகசியத்தைச் சொல்பவளே அதைக் காத்தவளும்கூட. கிரேஞ்சின் எட்கர் லிண்டனை மணக்கப்போவதாகப் பண்ணைவீட்டுப் பெண் கேத்தரின் சமையலறையில் நெல்லியிடம் மனம்திறக்கிறாள். தன்னோடு ஒன்றாக வளர்ந்த ஹீத்கிளிஃபை மணந்தால் தனக்குத் தாழ்வு என்கிறாள். மறைவில் இருந்த ஹீத்கிளிஃப் அதுவரை கேட்டுவிட்டு எழுந்து போகிறான். அடுத்து அவள் சொல்வதுதான் அவன் கேட்டிருக்க வேண்டியது: அவனைத் தன்னிலிருந்து வேறாக அவளால் நினைக்கவே முடியாது. அவன் போனதை நெல்லி பார்த்துவிட்டாள். கேத்தரின் விசாரிக்கும்போது, வேலைக்காரன் ஜோசப் வருகிறான் என்று பேச்சை மாற்றுகிறாள். உண்மையைச் சொல்லும்போது அவன் வீட்டைவிட்டே போய்விட்டான்.

எல்லாம் அறிந்த கதைசொல்லி ஒருவர் இதை எழுதியிருந்தால் அது வெறும் தகவலாகியிருக்கும். இங்கே நெல்லி தன் செயலைத் தானே சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போகிறாள்; அதன் கனத்தை வாசகர்தான் உணர வேண்டும். 1958-இல் ஜேம்ஸ் ஹாஃப்லி என்ற விமர்சகர், நாவலின் வில்லன் நெல்லியே என்று வாதிட்டார். அது மிகை. அவளிடம் வஞ்சம் இல்லை. அப்போதைக்கு வீட்டில் சண்டை வராமல் இருந்தால் போதும் என்ற எண்ணம்தான் இருக்கிறது. அந்த எண்ணம் செய்யும் கேடு வஞ்சத்துக்குக் குறைந்ததல்ல.

இரண்டாம் தலைமுறையில் மறைப்பதே வளர்ப்புமுறை ஆகிவிடுகிறது. எட்கரின் மகள் கேத்தி பதின்மூன்று வயதுவரை தனியாக வளாகத்தைத் தாண்டியதில்லை. பக்கத்திலேயே அத்தை மகனும் மாமன் மகனும் வளரும் ஒரு வீடு இருப்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு அவளுக்கும் அந்த அத்தை மகன் லிண்டன் ஹீத்கிளிஃபுக்கும் இடையே காதல் கடிதப் போக்குவரத்து பால் வாங்க வரும் பையன் வழியாக நடக்கிறது. நெல்லி கண்டுபிடிக்கிறாள், கடிதங்களை எரிப்பதோடு விஷயத்தை முடித்து, தகப்பனிடம் சொல்லாமல் விடுகிறாள். கடைசியில் எட்கரிடம் எல்லாம் சொல்லும்போதும், இளையவர்களுக்குள் நடந்த பேச்சையும் மாமன் மகன் ஹேர்ட்டனைப் பற்றியதையும் ஒதுக்கிவிட்டே சொல்கிறாள். உள்ளதை உள்ளபடி அறியாத தகப்பன் சந்திப்புகளை அனுமதிக்க, மகள் ஹீத்கிளிஃபிடம் சிறைப்பட்டு, நோயாளி லிண்டனுக்குக் கட்டாய மனைவியாகிறாள்.

குறைகளும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முந்தைய நீண்ட உரையாடல்களை ஒருத்தி வரிக்கு வரி நினைவில் வைத்திருப்பதை நம்புவது கடினம். நெல்லி இல்லாத இடங்களில் எட்கரின் தங்கை இசபெல்லாவின் கடிதம், இன்னொரு வேலைக்காரி ஸில்லாவின் வாய்மொழி என்று ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது. அங்கெல்லாம் கதையின் வேகம் தளர்கிறது. ஹீத்கிளிஃப் காணாமற்போன மூன்றாண்டுகளில் எங்கிருந்தான், பணம் எப்படி வந்தது என்பது கடைசிவரை தெரிவதில்லை. நெல்லிக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது என்பது நியாயமே. ஆனால் சொத்தைப் பிடுங்கும் சட்ட நுணுக்கங்களை ஆசிரியர் எவ்வளவு சரியாகக் கையாண்டார் என்று 1926-இல் வழக்கறிஞர் சி. பி. சாங்கர் விளக்கிக் காட்டிய பிறகு, அந்தப் பணத்தின் மூலம் மட்டும் மூடிக்கிடப்பது உறுத்தத்தான் செய்கிறது.

இந்த உத்தியின் பலத்தைத் திரைப்படங்களில் சோதித்துப் பார்க்கலாம். 1939-இல் வில்லியம் வைலர் எடுத்த படம் நெல்லியின் கதைசொல்லலை வைத்துக்கொண்டு இரண்டாம் தலைமுறையை நீக்கியது. அவள் மௌனத்துக்குப் பிள்ளைகள் கொடுத்த விலை அதில் இல்லை. 1992-இல் வந்த படம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, கதைசொல்லும் பொறுப்பை எமிலி பிராண்டே பாத்திரத்துக்கே கொடுத்தது. அதில் ரகசியங்கள் அத்தனையும் இருக்கின்றன. அவற்றைக் காத்தவளின் குரலில் அவை வரவில்லை.