தெகானியாவும் பூபரின் தீர்ப்பும்

யூதச் சிந்தனையாளர் மார்ட்டின் பூபர், ‘யுடோப்பியாவின் பாதைகள்’ என்னும் நூலில் (ஆங்கிலப் பதிப்பு, 1949) கிப்புட்ஸ் எனப்படும் கூட்டுக் குடியிருப்புகளை முழுவெற்றி எனப் புகழவில்லை. தோல்வியுறாத சோதனை என்றே மதிப்பிட்டார். இத்தீர்ப்பு இன்றும் நிற்குமா?

முதல் கிப்புட்ஸாகிய தெகானியாவை நோக்குவோம். கலிலேயாக் கடலின் தென்முனையருகே, யூத தேசிய நிதியம் வாங்கிய நிலத்தில், 1910இல் 10 ஆடவரும் 2 பெண்டிரும் அதனை நிறுவினர். உழைப்பும் விளைவும் பொதுவாயிருந்தன. தனிச் சம்பளம் இல்லை. காலப்போக்கில் வயலோடு தொழிற்சாலையும் சேர்ந்தது. 1980களின் கடன் நெருக்கடி கிப்புட்ஸ் இயக்கத்தையே உலுக்கிற்று. 2007இல் தெகானியா, அவரவர் வருவாயை அவரவரே பெறும் முறையை ஏற்றது; ஆயினும் நலிந்தோரைத் தாங்கப் பொதுப் பங்களிப்பைக் கைவிடவில்லை.

ஆகவே பூபரின் தீர்ப்பைத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. மனிதரிடையே உயிருள்ள உறவே சமூகத்தின் உள்ளம் என அவர் கண்டது மெய். ஆனால் அவ்வுறவு தலைமுறைகள் கடந்து நிலைபெற எத்தகைய பொருளாதார ஒழுங்கு வேண்டும் என்பதற்கு அவர் தரும் விடை நமக்குப் போதவில்லை.

எருசலேம் சபையின் பகிர்வைப் பிரசங்கிக்கையில் கிப்புட்ஸை எடுத்துக்காட்டும் போதகர்கள் இதனைக் கருதுதல் நலம். அப்போஸ்தலருடைய நடபடிகளின் 4ஆம் அதிகாரத்தோடு நின்றுவிடாமல் 6ஆம் அதிகாரத்தையும் வாசிப்போமாக. அன்றாடப் பங்கீட்டில் விதவைகள் விடுபட்டபோது, அதனைச் சீர்செய்ய எழுவரை நியமித்ததும் அதே சபைதான்.