பால்ஸாக்கும் பத்திரிகைக்காரர்களும்

பத்திரிகையின் பேனா எப்படி விலைக்குப் போகிறது என்பதை நாவலாக்கியவர்கள் பலர். ஆனால் பால்ஸாக் 1839-ல் வெளியிட்ட 'இழந்த மயக்கங்கள்' இரண்டாம் பாகத்துக்கு ஈடான ஒன்றை நான் படித்ததில்லை. மூன்று பாகங்களும் வந்து முடிய 1843 ஆயிற்று. மற்ற இரண்டும் சற்று இழுவைதான். அவகாசமில்லாதவர்கள் இந்த நடுப் பாகத்தையாவது படித்துவிட வேண்டும்.

அங்குலேம் என்ற ஊரிலிருந்து பாரிஸுக்கு வந்த இளங்கவி லூசியன், தோரியா என்ற பிரசுரகர்த்தரிடம் தன் கவிதைகளைக் கொடுக்கிறான். கட்டின கயிற்றின்மேல் மையால் ஓர் அடையாளம் இட்டுத்தான் கொடுக்கிறான். கவிதைகள் திரும்பி வருகின்றன. மை அடையாளம் அசையவே இல்லை! பிறகு லூசியன் பத்திரிகையில் சேருகிறான். தோரியா வெளியிட்ட நாதானின் நாவலைக் கிழித்து எழுதுகிறான். உடனே தோரியா 3,000 பிராங்குடன் அவன் வீடு தேடி ஓடி வருகிறார். அவர் விலைக்கு வாங்கியது கவிதைகளை அல்ல. இனித் தம் புத்தகங்களைத் தாக்கமாட்டான் என்ற உறுதியை. நாதானின் பகையும் வேண்டாமே என்று, அதே நாவலைப் புகழ்ந்து இன்னொரு பத்திரிகையில் லூசியனே எழுதுகிறான். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. பிறகுதான் பயம் வருகிறது.

ஏனென்றால் விலை ஏறிக்கொண்டே போகிறது. அரச கட்சிப் பத்திரிகைக்கு மாறிய லூசியனிடம், நண்பன் தார்தெஸின் புத்தகத்தைத் தாக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வருகிறது. மறுத்தால் அவன் காதலி கொராலியின் நாடக வாழ்வு தொலைந்தது. எழுதிய கட்டுரையோடு இரவில் நண்பனிடமே போய் அழுகிறான். தார்தெஸ் அதை வாங்கிப் படித்து, தன்னைத் தாக்கும் அக்கட்டுரையைத் தானே திருத்தி எழுதிக் கொடுக்கிறான்! தார்தெஸை மற்ற இடங்களில் பால்ஸாக் மரத்தில் செதுக்கிய மகான் ஆக்கிவிட்டார். இந்த ஓர் இடத்தில்தான் அவனுக்கு உயிர் வருகிறது.

லூசியனுக்கு எதிர்த்து நிற்கத் தோன்றவில்லை என்று குறை சொல்லுகிறவர்கள் உண்டு. 2023-ல் அதே பாரிஸில், தனவந்தர் பொல்லோரேயின் கைக்கு மாறிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு பத்திரிகையின் ஊழியர்கள், புதிய ஆசிரியரை எதிர்த்து 40 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆசிரியர் வந்தே சேர்ந்தார்.

என் குறை வேறு. பால்ஸாக்கின் கோபத்தில் சொந்த வன்மம் கொஞ்சம் கலந்திருக்கிறது. அதனால் லஞ்சம் வாங்குகிற கையைப் பார்த்த அளவு, கணக்குப் புத்தகத்தை அவர் பார்க்கவில்லை. 1836-லேயே ஜிரார்தேன் தம் 'லா பிரெஸ்' பத்திரிகையின் வருஷச் சந்தாவை, மற்றவை வாங்கிய 80 பிராங்கில் பாதியாக்கி, மிச்சத்தை விளம்பரத்தில் ஈட்டத் தொடங்கிவிட்டார். அப்புறம் 3,000 பிராங்கைத் தூக்கிக்கொண்டு யாரும் வீடு தேடி வர வேண்டியதில்லை. யாருடைய மனமும் கோணாதபடி பத்திரிகை தானே பார்த்துக்கொள்ளும். இது பால்ஸாக்குக்குத் தெரியாத விஷயமும் அல்ல. அதே வருஷம் அதே பத்திரிகையில் அவர் தொடர்கதை வந்தது. வர்ணனைகள் வரம்பு மீறுகின்றன என்று சந்தாதாரர்கள் முறையிட்டார்கள். அடுத்த முறை வேறு மாதிரி விஷயமாகக் கொடுங்கள் என்று ஜிரார்தேன் அவருக்கு மரியாதையாகக் கடிதம் எழுதினார்.