மலைக்கு வரும் முக ஊசி

சொந்த இரத்தத்திலிருந்து தயாரிக்கும் பி.ஆர்.பி. ஊசியை முகத்தில் போட்டு அனுப்பும்போது மருத்துவர் சொல்லும் முதல் அறிவுரை, சில நாட்களுக்கு வெயிலில் நிற்க வேண்டாம் என்பது. இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவையிலோ தலவாக்கலையிலோ கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மலைக்கு ஏறாத நாளுக்கு அவருக்குப் பேர், அதாவது வேலை நாள் கணக்கு, விழாது. பேர் விழாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. தோலைப் புதுப்பிக்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் ஊசிகளை ஹட்டனிலோ நுவரெலியாவிலோ இருந்து மதிப்பிடுபவர், நிழலில் வாழ முடிந்தவர்களுக்காக உருவான சிகிச்சை இது என்பதை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

அப்படியானால் மலையகத்தில் இதைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்பில் துணிக்கடைகளிலும் சலூன்களிலும் வேலை செய்கிறார்கள். அழகு நிலையங்களின் விளம்பரங்கள் கைத்தொலைபேசி வழியாகத் தோட்டக் குடியிருப்பான லயத்துக்குள்ளேயே வந்துவிடுகின்றன. ஊசி இன்னும் ஊருக்கு வராவிட்டாலும் அதன் மீதான ஆசை எப்போதோ வந்துவிட்டது.

இந்த ஊசிகளில் பல வகை உண்டு. பி.ஆர்.பி. முறையில் ஒருவருடைய கையிலிருந்தே 10 முதல் 20 மில்லிலீற்றர் வரை இரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, குருதிச் சிறுதட்டுகள் செறிந்த பகுதியைப் பிரித்துத் தோலுக்குள் செலுத்துகிறார்கள். சிறுதட்டுகள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள், கொலாஜனை உண்டாக்கும் கலங்களைத் தூண்டுகின்றன. கொரியாவில் புகழ்பெற்ற பொலிநியூக்ளியோடைட் ஊசி சால்மன் மீனின் டி.என்.ஏ.விலிருந்து எடுக்கப்படுவது. ஹயலூரோனிக் அமில ஊசி தோலில் நீரைப் பிடித்துவைக்கும். இவற்றில் பி.ஆர்.பி.யையே இங்கு அதிகம் பேசுகிறேன். மூலப்பொருள் நோயாளியின் சொந்த இரத்தம் என்பதால், நம்மைப் போன்ற ஊருக்கு எட்டக்கூடிய ஒன்று அது.

அதன் பலம் உண்மையானது. தலைமுடி உதிர்வுக்கும் பருத்தழும்புக்கும் அது உதவுவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது புண் ஆற்றும் வேலை. இந்தியத் தோல் மருத்துவர்கள் தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் வரும் ஆறாத புண்களுக்குச் சிறுதட்டுச் சிகிச்சையைப் பயன்படுத்திப் பலன் கண்டு எழுதியிருக்கிறார்கள். நீரிழிவுப் புண்ணுக்கும் இது பயன்படுகிறது. ஈரத்திலும் சரிவிலும் நாள் முழுக்க நிற்கும் கால்களுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி எது?

முகப்பொலிவு என்று வரும்போது சான்று மெலிந்துவிடுகிறது. 2018இல் அமெரிக்கத் தோல் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியான சோதனையில் 27 பேரைச் சேர்த்து, முகத்தின் ஒரு பக்கத்தில் பி.ஆர்.பி.யும் மறுபக்கத்தில் வெறும் உப்புநீரும் ஏற்றினார்கள். ஆறு மாதம் கழித்து, பி.ஆர்.பி. ஏற்றிய பக்கம் மேம்பட்டதாகப் பங்கேற்றவர்களே மதிப்பிட்டார்கள். எந்தப் பக்கத்தில் எது ஏற்றப்பட்டது என்று அறியாத மருத்துவர்களின் கண்ணுக்கோ இரு பக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஒரே ஒரு முறை போட்ட ஊசியை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். அதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் மாதம் ஒன்றாக மூன்று ஊசி, பிறகு ஆண்டுதோறும் என்று பணம் வாங்குகிறவர்கள் இதைவிட உறுதியான சான்றைக் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

கொழுந்து பறிப்பவர்களைப் பொறுத்தவரை பெரிய சிக்கல், கன்னத்தில் கருந்திட்டாகப் படரும் மங்கு. நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் புறஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடுகிறது. மெல்லிய மேகமும் பனிமூட்டமும் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. குளிர்கிறதே என்று நாம் வெயிலை மறந்துவிடுகிறோம், கன்னம் கறுத்துவிடுகிறது. மங்குக்கும் பி.ஆர்.பி. கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், சிறிய ஆய்வுகளில் ஓரளவு குறைந்தும் இருக்கிறது. ஆனால் மறுபடி வெயிலுக்குப் போனால் மங்கு திரும்பி வரும். நம்முடைய நிறமுள்ள தோலில் ஊசி குத்திய இடமே கறுத்துப்போகும் ஆபத்தும் உண்டு. நாட்சம்பளத்தைச் சேர்த்துவைத்து இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளும் பெண்ணுக்கு, அவர் செய்யும் வேலையே சில மாதங்களில் பலனை அழித்துவிடும். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளமாக நிர்ணயிக்கப்பட்டது 1,350 ரூபா என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதைவிடக் கவலைப்பட வேண்டியது, ஊசி யார் கையில் இருக்கிறது என்பது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமமில்லாத ஓர் அழகு நிலையத்தில் இரத்த ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. 2018இல் அந்த இடம் மூடப்பட்டது. 2024 ஏப்ரலில் அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் முழு விவரத்தையும் வெளியிட்டது. பெயர் ஒட்டாத இரத்தக் குழாய்கள் சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியில் உணவோடு இருந்தனவாம். சொந்த இரத்தம் என்பதால் பாதுகாப்பு என்ற வாதம், குழாய் மாறிப்போகும் அந்தக் கணத்தில் செத்துவிடுகிறது. இலங்கையில் தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்ய 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமும், மருந்துகளை ஒழுங்குபடுத்த 2015இன் 5ஆம் இலக்கச் சட்டமும் உள்ளன. இருந்தும் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்து அரசு வைத்தியசாலைகளுக்கே வந்த விவகாரத்தில், முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். அரசு வைத்தியசாலைக்கே அந்த நிலை என்றால், சலூனின் பின்னறையில் இருக்கும் குப்பியை யார் சோதிப்பது?

வெள்ளையாக்கும் குளூட்டாதயோன் ஊசியும் இதே வரிசையில் வைத்து விற்கப்படுகிறது. அது தோலைப் புதுப்பிப்பதே இல்லை. பிலிப்பைன்ஸ் நாட்டின் மருந்து நிர்வாகம் அதைப் பற்றி மீண்டும் மீண்டும் எச்சரித்திருக்கிறது. பாதரசம் கலந்த வெள்ளையாக்கும் கிறீம்களை ஒழிக்க 2023இல் தொடங்கிய சர்வதேசத் திட்டத்தில் காபொன், ஜமைக்கா ஆகியவற்றோடு இலங்கையும் ஒரு நாடு. அந்தக் கிறீம் வாங்கும் அதே கைதான் நாளை மலிவான ஊசிக்கும் நீளும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பெண்ணுக்கு அழகு எதற்கு, சோறுதானே முதலில் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு எனக்குச் சினமூட்டுகிறது. தேயிலைப் பொதியிலும் சுற்றுலாச் சுவரொட்டியிலும் அவருடைய முகத்தை அச்சடித்து விற்கும் நாடு, அந்த முகத்தின் மீது அவருக்கிருக்கும் அக்கறையை ஆடம்பரம் என்று சொல்லக் கூடாது. மங்கு விழுந்த கன்னத்தோடு கல்யாண வீட்டுக்குப் போகத் தயங்கும் பெண்ணின் மனத்துயரம் மருத்துவம் கவனிக்க வேண்டிய துயரம்தான். முறையான சிகிச்சை கிடைக்காத இடத்தில்தான் மோசடிக்கு வாடிக்கையாளர்கள் கிடைக்கிறார்கள்.

டிக்கோயா கிளங்கனில் 150 கட்டில்களோடு இந்திய உதவியில் கட்டிய வைத்தியசாலையை 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். அங்கேயும் நுவரெலியா மாவட்ட வைத்தியசாலையிலும் ஆறாத புண்களுக்குச் சிறுதட்டுச் சிகிச்சை கொடுப்பது எட்டாத கனவல்ல. சுழற்றும் இயந்திரம் ஆய்வுகூடங்களில் வழக்கமாக இருப்பது, தேவைப்படுவது பயிற்சியும் தூய்மையான தனி அறையும்தான். முகத்துக்கு, தோட்டக் கம்பனிகள் இடுப்பில் கட்டும் படங்கு கொடுப்பதைப் போல அகன்ற விளிம்புத் தொப்பியையும் சூரியத் தடுப்புக் கிறீமையும் வேலைக்கான பொருளாகவே கொடுக்கலாம். இரும்பு ஒக்சைட் கலந்த நிறமுள்ள கிறீம், கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுப்பதால் மங்குக்குக் கூடுதல் காப்பு. அதைத் தோட்ட டிஸ்பென்சரியில் இலவசமாக வைப்பதற்கு ஊசியும் வேண்டாம், கொழும்புப் பயணமும் வேண்டாம்.