அறுவகைப் பிறப்பும் ஒரு தீயோனும்

காப்பியத் தலைவனைப் போற்றுதல் எளிது. அவனை எதிர்ப்பவனை விளங்கிக்கொள்ளுதலே அரிது. அதனாற்போலும், தீயோனுக்கு உட்பொருள் காணும் முயற்சி நம்மவரிடையே நெடுங்காலமாக நடந்துவருகிறது. கச்சியப்பரின் கந்தபுராணத்தில் வரும் சூரபதுமனை ஆணவ மலமென்றும், சிங்கமுகனைக் கன்மமென்றும், தாரகனை மாயையென்றும் சைவர் விளக்குவர். கேட்போர் கதையோடு நில்லாமல் அதன் குறிப்பையும் தேடுவது இயல்பே. அவ்வியல்பு இன்று சிங்கப்பூர் இளைஞரிடையே புதியதொரு துறையிற் புகுந்துள்ளது. அத்துறை, அனிமே எனப்படும் ஜப்பானிய அசைபடம்.

மசாஷி கிஷிமோட்டோ என்பார் 1999 முதல் 2014 வரை வார இதழொன்றில் தொடராக எழுதி வரைந்த 'நருட்டோ' என்னும் படக்கதை 72 தொகுதிகளாக வெளிவந்தது. அசைபடமாகவும் உலகெங்கும் பரவிற்று. 2008இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஆசிய அனிமே விழாவிலும், ஆர்ச்சர்ட் சாலைப் புத்தகக் கடைகளிலும் இதன் செல்வாக்கைக் காணலாம். இக்கதையின் தீயோருள் ரசிகர் மிகுதியாக ஆராய்ந்தவர்களில் ஒருவன் 'பெயின்' என்பவன். நோவு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லே அவன் பெயர். அவன் உடல் ஒன்றன்று, ஆறு. தேவர், அசுரர், மக்கள், விலங்கு, பேய், நரகர் என்னும் ஆறு பிறவி நெறிகளின் பெயரை அவ்வாறு உடல்களும் தாங்குகின்றன. அவற்றை இயக்கும் கண்ணுக்குப் பிறவிச் சுழற்சிக் கண் என்று பெயர்.

ரசிகர்கள் இச்செய்திகளை வரிசைப்படுத்தி, எவ்வுடலுக்கு எவ்வாற்றல், அதற்குப் புத்த நூலில் என்ன மூலம் எனக் குறித்துவைத்துள்ளனர். பிறர் வலிமையை உறிஞ்சியுண்ணும் உடல் பேய்ப் பிறப்பினது. ஏனெனில் பேய் என்பது தீராப் பசியுடையது. உயிரை ஆராய்ந்து தீர்ப்பளிக்கும் உடல் நரகப் பிறப்பினது. ஏனெனில் அங்கே கூற்றுவன் வினவுகிறான். இவை பிழையற்ற விளக்கங்கள்.

இப்பட்டியலைக் காணும் தமிழாசிரியருக்கு ஒன்று நினைவுக்கு வரவேண்டும். சீத்தலைச் சாத்தனார் மணிமேகலையிற் கூறும் அறுவகைப் பிறப்பே அது. மக்கள், தேவர், பிரமர், நரகர், விலங்கு, பேய் என்பன சாத்தனார் கண்ட ஆறு. ஜப்பானியர் அசுரரை வைக்கும் இடத்தில் சாத்தனார் பிரமரை வைக்கிறார். மற்றைய ஐந்தும் இரண்டிடத்தும் ஒன்றே. புத்தநெறி வழங்கிய நாடுகளிற் சில ஐந்து கதிகளையும் சில ஆறு கதிகளையும் கொண்டன. ஆறாவது யாது என்பதில் வேற்றுமை நேர்ந்தது. ஜப்பானியப் படக்கதையும் காவிரிப்பூம்பட்டினத்துக் காப்பியமும் ஒரே மரத்தின் இரு கிளைகள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ரசிகர் செய்வதை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளுவாரும் உளர். அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பிக்கப் புகுந்தபொழுது, அதிலுள்ள புத்த சமயச் செய்திகள் அவருக்கு எளிதில் விளங்கவில்லை. மளூர் ரங்காசாரியரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்து, 1898இல் நூலை வெளியிட்டார். விளங்காத சொல்லைக் குறித்துவைத்தலும், அறிந்தவரை அணுகுதலும், இடம் சுட்டி நிறுவுதலுமே உரையாசிரியரின் தொழில். அத்தொழிலின் தொடக்கம் இவ்விளைஞரிடமும் இருக்கிறது.

அவர்களுடைய நுட்பத்துக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். தேவ உடலுக்கு இரண்டு ஆற்றல்கள் உண்டு: தள்ளுதல், ஈர்த்தல். தள்ளுதற்கு 'ஷின்ரா தென்செய்' என்றும், ஈர்த்தற்கு 'பன்ஷோ தென்இன்' என்றும் பெயர். இரண்டின் முற்பாதிகளையும் சேர்த்தால் 'ஷின்ரா பன்ஷோ' என்றாகும். அது உலகிலுள்ள எல்லாப் பொருள்களையும் குறிக்கும் ஜப்பானியத் தொடர். அத்தொடரில் காட்டைக் குறிக்கும் முதலெழுத்து இருக்கவேண்டிய இடத்தில், அதே ஒலியுடைய, கடவுளைக் குறிக்கும் எழுத்தை ஆசிரியர் வைத்திருக்கிறார். தன்னைக் கடவுளென்று சொல்லிக்கொள்பவனுக்கு எத்துணைப் பொருத்தமான சிலேடை! இதனைக் கண்டுணர்ந்தவரைச் சுவைஞர் என்னாது வேறென்னென்பது?

ஆயினும் குறையும் உண்டு. கறுப்பு மேலாடையிலுள்ள செம்முகில், அவன் நாட்டிற் பெய்த குருதிமழை என்பர். கதைக்கு அது பொருந்தும். அவ்வளவில் நில்லாது, முகத்திலுள்ள ஒவ்வோர் ஆணிக்கும், மயிரின் நிறத்துக்கும் தனித்தனியே தத்துவம் கற்பிக்கப் புகும்பொழுது உரை மூலத்தை விட்டு நீங்கிவிடுகிறது. மூலத்தில் ஊன்றாத உரை எத்துணை அழகாயினும் உரையாகாது.

இன்னொரு குறை இதனினும் பெரிது. ஆறு உடல்களை எண்ணியவர்களிற் பலர் ஏழாவதை எண்ண மறந்தனர். ஆறும் பிணங்கள். அவற்றை ஒளிந்திருந்து இயக்குபவன் நகாதோ என்பவன். பெருநாடுகளின் போருக்கிடையே நசுங்கிய மழைநாட்டுச் சிறுவன் அவன், பெற்றோரைப் போரிற் பறிகொடுத்தவன், பசியால் அலைந்தவன், உயிர்த்தோழனையும் இழந்தவன். தேவ உடலென நடமாடுவது அத்தோழனின் பிணமே. நகாதோவோ விலா எலும்பு தெரிய மெலிந்து, நடக்கவும் இயலாது கிடக்கிறான். பட்டியலில் பேய் என்று பெயர்பெற்ற உடல் பருத்திருக்க, உண்மைப் பேய்ப்பிறப்பாய் வாடுபவன் அவனே. குறியீடு அங்கேதான் உயிர்பெறுகிறது.

நோவை அறியாதார் அமைதியை அறியார். ஆதலின் உலகுக்கு நோவைக் கற்பிப்பேன் என்பது அவன் கொள்கை. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பகுதியில் அவன் ஓர் ஊரையே ஒரு நொடியில் தரைமட்டமாக்குகிறான். பின்னர்த் தலைமகனின் சொல்லால் மனம் மாறி, தன்னுயிரைக் கொடுத்து, அங்கு மாண்டாரை எழுப்பிவிட்டு மடிகிறான். இங்கேதான் ஆசிரியர் சறுக்கிவிட்டார் என்பது எம் கருத்து. இழப்பு மீளாதது என்பதன்மேற் கட்டிய கதை, மாண்டார் எழுந்ததும் தன் அடிப்படையைத் தானே பெயர்த்துவிடுகிறது.

சாத்தனார் அவ்வாறு செய்யவில்லை. உதயகுமாரன் வாளால் வெட்டுண்டான். அவன் மீண்டும் எழவில்லை. மகனை இழந்த இராசமாதேவி வஞ்சம் கொண்டு மணிமேகலையைப் புழுக்கறையில் அடைத்து, உணவின்றி வருத்தினாள். மணிமேகலை அதனைத் தாங்கினாள். வெறுப்புக்கு வெறுப்பை விடையாக்காமல் அரசிக்கு அறம் உரைத்துத் தெளிவித்தாள். இறந்தவன் இறந்தபடியே இருக்க, பகையின் தொடர் அறுகிறது. காயசண்டிகையின் யானைத்தீப் பசியும் அமுதசுரபியின் சோற்றால் ஆறுகிறது, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. நகாதோவுக்கும் இளமையில் ஒருவர் உணவளித்துக் கற்பித்தார். அவ்வாசிரியரையே அவன் பின்னர்க் கொன்றான் என்பது கதையின் கொடிய முரண்.

சிங்கப்பூர் 1942 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சியில் வருந்திய நகர். அன்று வருந்தியோரின் கொள்ளுப்பேரர் இன்று போரின் நோவை ஜப்பானியக் கதையொன்றில் வைத்து ஆராய்கின்றனர். இதனை ஆசிரியர்கள் வாய்ப்பாகக் கொள்ளுதல் வேண்டும். தேக்காவில் ரேஸ் கோர்ஸ் சாலையில், தாய்லாந்துத் துறவியொருவர் 1927இல் நிறுவிய சாக்கியமுனி புத்தகயா கோயில் நிற்கிறது. அதற்கு நடந்துபோகும் தொலைவிலே தமிழ் வழங்கும் கடைத்தெருக்கள். ஆறு பிறவிகளை ஜப்பானியப் பெயரால் ஒப்பிக்கும் மாணவனை இகழவேண்டா. "நன்று தம்பி, அசுரர்க்குப் பதிலாகப் பிரமர் என்று நம் புலவர் ஒருவர் கூறினார், ஏன்?" என்று வினவுங்கள். அவ்வினாவுக்கு விடை தேடுபவன் மணிமேகலையைத் தானே திறப்பான்.