காலம் அறையாகும்போது: ‘இன்ரர்ஸ்ரெலர்’ காட்டும் கருந்துளையின் அகம்

விஞ்ஞானக் கருத்தொன்றைக் கலைப்பொருளாக்கும் படைப்புகளை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அவற்றிலுள்ள தகவல்கள் சரியோ பிழையோ என்று பார்ப்பதோடு அமைந்துவிடுகின்றனர். அக்கருத்து படைப்பின் அனுபவத்துள் எவ்வளவு ஆழமாக இறங்கியுள்ளது என்பதே அதனினும் முக்கியமான வினாவாகும். கிறிஸ்ரோபர் நோலன் நெறிப்படுத்தி 2014இல் வெளியான ‘இன்ரர்ஸ்ரெலர்’ திரைப்படத்தை இவ்வினாவுடன் அணுகலாம். ஈர்ப்பியல் அறிஞர் கிப் தோர்ண் அதன் விஞ்ஞான ஆலோசகராக இருந்ததோடு, படத்தின் விஞ்ஞானம் பற்றி அதே ஆண்டில் ஒரு நூலும் எழுதினார். ஆகவே இப்படத்தின் குறைகளை அறியாமையின் விளைவு என ஒதுக்கிவிட இயலாது.

படத்தின் நடுவே நிற்பது கார்கன்ருவா என்னும் கருந்துளை. சூரியனைப்போல் பத்துக்கோடி மடங்கு திணிவு கொண்டதாகக் கற்பிக்கப்பட்டது. அதன் புறத்தோற்றத்தை ஐன்ஸ்ரைனின் சமன்பாடுகளிலிருந்தே கணித்து வரைந்தனர். அக்கணிப்பு முறை 2015இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளிவந்தது. பின்னால் மறைந்திருக்கவேண்டிய ஒளித்தட்டு, ஒளி வளைவதனால் மேலும் கீழும் எழுந்து தெரியும் அக்காட்சி திரைக்கலையின் பெறுபேறுகளுள் ஒன்றென்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கும் ஒரு விட்டுக்கொடுப்பு நிகழ்ந்தது. சுழலும் தட்டில் நம்மை நோக்கி வரும் பக்கம் மிகப் பிரகாசமாகவும், விலகிச் செல்லும் பக்கம் மங்கலாகவும் தோன்றவேண்டும். பார்வையாளர் குழம்புவர் எனக் கருதி அவ்வேறுபாட்டை நீக்கிவிட்டனர். 2019 ஏப்ரிலில் எம்87 விண்மீன் கூட்டத்தின் மையக் கருந்துளையின் படம் வெளியானபோது, ஒருபுறம் பிரகாசமும் மறுபுறம் மங்கலுமான வளையத்தை உலகமே கண்டது. யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. பொதுமக்களின் கிரகிப்பாற்றலைக் குறைத்து மதிப்பிடுவது வணிகத் திரைப்படத்தின் பழைய நோய்.

இது சிறு குறையே. படத்தின் உண்மையான பலமும் பலவீனமும் காலத்தை அது கையாளும் முறையிலேயே உள்ளன. வெளியும் காலமும் வளைவதை விளக்கப் பாடநூல்கள் றப்பர் விரிப்பில் வைத்த இரும்புக் குண்டையே காட்டுகின்றன. அவ்வுவமை வெளியின் வளைவை மட்டுமே சொல்கிறது. மேலும், குண்டு விரிப்பை அழுத்துவதற்கே ஈர்ப்பு வேண்டியிருப்பதால், விளக்கவேண்டியதை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. மரத்திலிருந்து காய் விழுவதற்குக் காரணம் பெரிதும் காலத்தின் வளைவே. இடங்காட்டும் செய்மதிகளின் கடிகாரங்கள் புவியிலுள்ளவற்றைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோசெக்கன் முந்துவதற்கும் ஈர்ப்பினால் காலம் வேறுபடுவதே தலையாய காரணம். இவ்வுண்மையை நோலன் உணர்ச்சியாக மாற்றியிருக்கிறார். கருந்துளைக்கு அண்மையிலுள்ள நீர்க்கோளில் ஒரு மணித்தியாலம் என்பது புவியில் ஏழு ஆண்டுகள். சில மணித்தியாலம் தாமதித்துத் திரும்பும் கூப்பர், இருபத்துமூன்று ஆண்டுகளாகச் சேர்ந்துவிட்ட செய்திகளைப் பார்க்கிறான், திரையிலே பிள்ளைகள் முதிர்கின்றனர், அவன் அழுகிறான். சமன்பாடொன்று தந்தையொருவனின் இழப்பாகியிருக்கிறது. இதனினும் சிறந்த காட்சி படத்தில் இல்லை.

அடுத்து, அவன் கருந்துளைக்குள் விழுகிறான். அங்கே என்ன இருக்கிறது?

சுழலாத கருந்துளையை முதலிற் கருதுவோம். நிகழ்வு எல்லையைக் கடந்தபின், மையத்தை நோக்கிய திசை திசை என்ற தன்மையை இழந்து காலமாகிவிடுகின்றது. நமக்கு நாளை எவ்வாறு தவிர்க்கவியலாததோ, அவ்வாறே அங்கு மையமும் தவிர்க்கவியலாதது. மையம் ஓரிடமன்று, இனி வரவுள்ள ஒரு கணம். கார்கன்ருவாவின் திணிவுடைய சுழலாத கருந்துளையில் அக்கணம் வர அதிகம் சென்றால் இருபத்தாறு நிமிடமே ஆகும். எந்த எந்திரத்தை இயக்கினாலும் அவ்வெல்லையை நீட்ட முடியாது. 1965இல் றோஜர் பென்றோஸ் நிறுவிய தேற்றமும் அங்குள்ள பொருள் எதனையும் விவரிக்கவில்லை. விழுவோனின் பாதை முற்றுப்பெறுகிறது என்பதையே கூறுகிறது. ‘துளை’ என்னும் நமது கலைச்சொல்லே வாசகனை வழிதவறச் செய்கிறது: துளைக்குள் ஏதோ இருக்கவேண்டுமல்லவா?

கார்கன்ருவா சுழல்வது என்று தோர்ண் சார்பில் வாதிடலாம். றோய் கெர் 1963இல் கண்ட தீர்வில் உள்ளே இரண்டாவது எல்லையொன்று உண்டு. அதற்கு அப்பால் அந்தக் கட்டாயம் தளர்கிறது. ஆனால் அது வெறுமையான, இலட்சியக் கருந்துளைக்கே பொருந்தும். பின்னால் விழும் கதிர்வீச்சு அவ்வெல்லையில் குவிந்து அதனைக் குலைத்துவிடும் என்பதை 1990இல் பொய்சனும் இஸ்ரேலும் காட்டினர். தோர்ணின் நூல் இதனை மறைக்கவில்லை. ஒப்பீட்டளவில் மென்மையான தனியொருமையைச் சந்தித்தவன் பிழைத்தல் கூடும் என்ற ஊகத்துக்கு இடமளித்து, அதனை ஊகமென்றே கூறுகிறது. இந்நேர்மை நூலில் உண்டு, திரையில் இல்லை.

திரையில் நாம் காண்பது மகளின் படுக்கையறை. எதிர்கால மனிதர் அமைத்துக் கொடுத்த கூடமொன்றில், அவ்வறையின் எல்லாக் கணங்களும் புத்தக அலுமாரிகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கூப்பர் விரும்பிய கணத்துக்கு நீந்திச் சென்று தட்டுகிறான். கைக்கடிகார முள்ளின் அசைவினால் மகளுக்குத் தரவு அனுப்புகிறான். விஞ்ஞானம் இடத்தைக் காலமாக்கிய அதே புள்ளியில் படம் காலத்தை இடமாக்குகிறது. இது தற்செயலான தவறன்று. இழந்த காலம் மீளாது என்பதைச் சற்றுமுன் காட்டிய கலைஞன், அவ்வுண்மையின் முன் நிற்கத் துணியாமல் அன்பு காலத்தைக் கடக்கும் என்ற ஆறுதலைக் கையளிக்கிறான். பயிர்கள் அழிந்து மக்கள் பட்டினியை எதிர்நோக்கும் உலகம் படத்தின் தொடக்கத்தில் இருந்தது. அந்தப் பட்டினி யாரால், எவ்வாறு நேர்ந்தது என்ற வினாவை எழுப்பாமலே, ஒரு தந்தையும் மகளும் தீர்த்த சமன்பாட்டினால் மக்கள் சனிக்கோளின் அருகே குடியேற்றப்பட்டுவிடுகின்றனர். முதுமையில் மரணப்படுக்கையிலிருக்கும் மகளை, சற்றும் முதிராத கூப்பர் சில நிமிடமே சந்திக்கிறான். இருபத்துமூன்று ஆண்டுச் செய்திகளுக்கு அழுதவன், அதைவிட நீண்ட இந்த இழப்புக்கு அவ்வாறு அழுவதில்லை. அவளே போகச் சொல்ல, அடுத்த கலத்தில் ஏறிச் சென்றுவிடுகிறான்.