கொலுவும் சூளையும்: 'கைவினைக் குடும்பம்' என்னும் பிரதியை வாசித்தல்

1

புரட்டாசி மாதத்துக்கு நம்மிடம் இரண்டு பருவப் பெயர்கள் இருக்கின்றன. பஞ்சாங்கம் நவராத்திரியைச் சரத் ருதுவில் வைக்கிறது. மழைக்காலம் முடிந்து வானம் வெளுக்கும் பருவம் அது. கங்கைச் சமவெளிக்குப் பொருந்துகிற கணக்கு. தமிழ்ப் பெரும்பொழுதுகளின் கணக்கிலோ ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். நமக்குப் பெருமழை இனிமேல்தான். பகலில் சுள்ளென்று வெயில், சாயங்காலமானால் இடியோடு ஒரு மழை: இங்கே புரட்டாசி என்பது இதுதான்.

இந்த இரண்டு கணக்குகளையும் இரண்டு வீடுகளின் கணக்குகளாக வாசிக்கலாம். ஒன்று, பரணிலிருந்து பொம்மைகளை இறக்கித் துடைத்துப் படி கட்டுகிற வீடு. இன்னொன்று, அந்தப் பொம்மைகளை மாசக்கணக்காகச் செய்து, மழை பிடித்துக்கொள்வதற்குள் கடைசிச் சூளையைப் பிரித்துவிட வேண்டும் என்று தவிக்கிற வீடு. ஈரம் காயாத பொம்மையைச் சூளையில் வைத்தால் வெடித்துப்போகும். முதல் வீட்டுக்குப் பருவம் ஒரு பண்டிகை மனநிலை. இரண்டாவது வீட்டுக்கு அது உற்பத்தி நிலைமை.

ஆனால் இரண்டு வீடுகளையும் பற்றிப் பேசும்போது நாம் ஒரே மாதிரியான சொற்களைப் பயன்படுத்துகிறோம். 'குடும்பமே சேர்ந்து, தங்கள் கையால் செய்தது.' நவராத்திரிச் சிறப்புப் பக்கங்கள், கைவினைக் கண்காட்சிகள், அரசுத் திட்டங்களின் விளம்பரங்கள் எல்லாவற்றிலும் இது வருகிறது. கேட்க இதமாக இருக்கிறது, அதனாலேயே யாரும் நின்று யோசிப்பதில்லை. இந்தச் சொற்றொடரில் 'கை' என்கிற சொல் 'குடும்பம்' என்கிற சொல்லை மறைக்கிறது. 'குடும்பம்' 'கை'யை மறைக்கிறது. எப்படி என்று பார்க்கலாம்.

2

கொலு என்ற சொல்லின் பொருள் அரசவை. அரசன் கொலுவீற்றிருந்தான் என்றுதான் பழைய கதைகள் சொல்லும். இராமநாதபுரத்துச் சேதுபதிகளும் மைசூர் உடையார்களும் நவராத்திரியைத் தங்கள் அதிகாரத்தை ஆண்டுதோறும் அரங்கேற்றிக் காட்டும் விழாவாக நடத்தினார்கள். வீட்டுக் கூடத்துக்கு அந்த அவை மரப்படியாக வந்து சேர்ந்திருக்கிறது. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படை எண்ணிக்கை. வழக்கமான அடுக்கில் மேலே தெய்வங்கள், கலசம்; அதற்குக் கீழே அவதாரங்கள், மகான்கள்; அப்புறம் மனிதர்கள்; கடைசியில் தரையில் சந்தை, தெப்பக்குளம், கிராமக் காட்சி. யார் எந்தப் படியில் என்பதில் சந்தேகமே வராத ஒரு பிரபஞ்சம்.

கீழ்ப்படியில் செட்டியார் பொம்மை உட்கார்ந்திருக்கும். கூடவே அவர் மனைவி, முன்னால் அரிசி, பருப்பு, காய்கறி பரப்பிய கடை. கிராம செட்டில் ஏர் ஓட்டுகிறவர், பாம்பாட்டி, சில வீடுகளில் சக்கரத்துக்கு முன்னால் பானை வனைகிறவரும் உண்டு. இங்கேதான் கவனிக்க வேண்டியிருக்கிறது. வனைகிறவர் ஒரு காட்சியாகக் கொலுவுக்குள் வந்துவிடுகிறார். அந்தக் காட்சியைச் செய்தவர் எங்கும் இல்லை. பொம்மையின் அடியில் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. கேட்டால் 'பண்ருட்டிப் பொம்மை', 'காஞ்சிபுரத்துப் பொம்மை' என்று சந்தைப் பெயர்தான் வரும். சரக்குகள் தமக்குள் உறவாடுவது போலத் தோன்றும்போது அவற்றின் பின்னுள்ள மனித உறவு மறைகிறது என்று மார்க்ஸ் எழுதினார். கொலுப்படி அதற்கு உருவகம்கூட அல்ல, நேரடி உதாரணம். பொம்மைகள் சபை கூடியிருக்கின்றன. பொம்மை செய்தவர் சபைக்கு வெளியே.

சரி, கொலு வைக்கிற வீட்டுக்குள் எல்லாருடைய உழைப்பும் தெரிகிறதா? அங்கேயும் ஒரு மறைப்பு இருக்கிறது. படி கட்டுவதும் கோலம் போடுவதும் ஒன்பது நாளும் விதவிதமாகச் சுண்டல் செய்வதும் வருகிறவர்களுக்குத் தாம்பூலம் கொடுப்பதும் பெண்களின் வேலை. ஆசை என்றும் பக்தி என்றும் அதற்குப் பெயர்; வேலை என்று பெயர் இல்லை. தாய் மகளுக்குக் கல்யாணத்தின்போது மரப்பாச்சி ஜோடி கொடுத்தனுப்புவதில் பிரியம் இருக்கிறது. அந்த ஜோடி புருஷன் பெண்டாட்டி ஜோடி என்பதையும், இன்னொரு வீட்டில் இன்னொரு படி கட்டும் பொறுப்பு அதோடு சேர்ந்தே போகிறது என்பதையும் மறந்துவிட முடியாது. அதே சமயம், வருஷம் முழுக்க வாசல் தாண்டச் சாக்கு இல்லாத பெண்களுக்கு நாலு வீடு போய்வரவும், உட்கார்ந்து பாடவும், பூங்காவோ மலையோ தன் மனசுப்படி ஒரு உலகத்தைக் கட்டிப்பார்க்கவும் இந்த ஒன்பது நாள்கள் இடம் கொடுத்தன. இந்த இரட்டைத் தன்மையை ஒப்புக்கொள்ளாமல் கொலுவை வெறும் ஆதிக்கச் சடங்கு என்று ஒரே வரியில் முடித்துவிடுவது சோம்பேறித்தனமான வாசிப்பு.

3

இனி மற்ற வீடு. மதுரைக்குப் பக்கத்தில் திருப்பரங்குன்றத்தை ஒட்டிய விளாச்சேரி, பொம்மைக்குப் பேர்போன ஊர். அங்கே ஆவணிக்குப் பிள்ளையார், புரட்டாசிக்குக் கொலுப் பொம்மை, கார்த்திகைக்கு விளக்கு, அது முடிந்ததும் கிறிஸ்துமஸ் குடில்களுக்கு மாதா, சூசையப்பர், ஆட்டிடையர்கள், குழந்தை யேசு. பாற்கடலில் பள்ளிகொண்டவரைச் செய்த கைதான் மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரையும் செய்கிறது. கைவினை என்றாலே ஒரு மதத்தின் பண்பாட்டுச் சொத்து என்று பேசுகிறவர்கள் இந்த உற்பத்தி நாட்காட்டியை ஒருமுறை பார்க்கலாம்.

பொம்மை எப்படி உருவாகிறது? கண்மாய் மண்ணைக் கொண்டுவந்து கல், வேர் நீக்கிப் பிசைந்து பதப்படுத்த வேண்டும். அச்சின் இரண்டு பாதிகளில் மண்ணை அழுத்தி எடுத்து, இரண்டையும் ஒட்டி, ஒட்டின தடம் தெரியாமல் ஈரக்கையால் மெழுக வேண்டும். நிழலில் ஆற வேண்டும், அப்புறம் வெயில், அப்புறம் சூளை. சுட்டு எடுத்ததைத் தேய்த்து, வெள்ளை அடித்து, அதன்மேல் வர்ணம். முகத்துக்குக் கடைசியில் கண் எழுதுவது. காகிதக் கூழில் செய்தால் சூளை இல்லை. பசையும் சுண்ணப் பொடியும் கலந்த கூழ் அச்சிலிருந்து வந்து காய்வதற்கு வெயில் வேண்டும். எந்த வழியில் போனாலும் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் வேலை.

இந்த வேலைகளில் எது யாருடையது? சக்கரமும் சூளையும் பெரும்பாலும் ஆண்கள் கையில். மண் பிசைவது, தேய்ப்பது, வெள்ளை அடிப்பது, வர்ணம் தீட்டுவதில் பெரும்பகுதி பெண்கள் கையில். 'வீட்டு வேலையோட வேலையா பொம்பளைங்க வர்ணம் அடிச்சுருவாங்க' என்பது இந்தத் தொழிலைப் பற்றிச் சாதாரணமாகப் புழங்கும் பேச்சு. அந்த 'வேலையோட வேலையா' என்ற இரண்டு சொல்லில் ஒரு முழுப் பொருளாதாரமே இருக்கிறது. அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து புடவை ஜரிகைக்குப் பொன்வர்ணம் இழுக்கிறவருக்குத் தனிக்கூலி கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பசங்க பொம்மையைத் தூக்கி வெயிலில் வைப்பதும் திரும்ப எடுத்து வைப்பதும் உதவி என்ற கணக்கில் போய்விடுகிறது. வியாபாரி கொடுப்பது பொம்மைக்கு விலை. அந்த விலைக்குள் எத்தனை பேருடைய எத்தனை மணிநேரம் இருக்கிறது என்று யாரும் பிரித்துக் கேட்பதில்லை. பிரித்துக் கேட்காமல் இருப்பதற்குத்தான் 'குடும்பம்' என்ற சொல் பயன்படுகிறது.

4

இந்தச் சொல்லுக்கு ஒரு சிந்தனை வரலாறு உண்டு. கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசாமி 1909இல் 'இந்தியக் கைவினைஞன்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு ஆங்கில நூல் வெளியிட்டார். ஆலை உற்பத்தி மனித உழைப்பைச் சிதைத்ததைப் பார்த்துக் கோபப்பட்ட தலைமுறை அது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதற்கு மாற்றாக அவர் முன்வைத்தது பரம்பரைத் தொழிலாளியை, கிராமத்தோடும் பிறப்போடும் பிணைந்தவரை. தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும் திறமை அங்கே ஒரு ஆன்மீக ஒழுங்காகிவிடுகிறது. அந்த ஒழுங்கைக் கீழிருந்து பார்த்தால் அதற்குச் சாதி என்று பெயர். யந்திரத்தை விமர்சிக்கப் போய் வருணத்தைக் கொண்டாடிவிடும் இந்தச் சறுக்கல், சுற்றுச்சூழலையும் சுதேசியையும் பேசுகிற நம் காலத்து நல்லெண்ணக்காரர்களிடமும் தொடர்கிறது.

தமிழ்நாடு இதை வெறும் கருத்தாகச் சந்திக்கவில்லை. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பள்ளி நேரம் ஒரு நாளைக்கு மூன்று மணியாகக் குறைந்தது. மிச்ச நேரத்தில் பையன் தகப்பன் தொழிலையும் பெண் தாயிடம் வீட்டு வேலையையும் கற்றுக்கொள்ள வேண்டும். வீடே பட்டறை, குடும்பமே ஆசான் என்பதுதான் அதன் தர்க்கம். பெரியாரும் திராவிட இயக்கமும் அதற்குக் 'குலக்கல்வி' என்று பெயர் சூட்டினார்கள். ஒரு அழகான சொல்லாடலை ஒரே சொல்லால் கட்டுடைத்த சம்பவம் அது. 1954இல் ராஜாஜி பதவி விலகிக் காமராஜர் முதல்வரானபின் திட்டம் கைவிடப்பட்டது.

எழுபது வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 17 அன்று, ஒன்றிய அரசு பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள், குயவரும் பொம்மை செய்பவரும் பட்டியலில் உண்டு. பயிற்சி நாளுக்கு 500 ரூபாய், கருவிகளுக்கு 15,000 ரூபாய், இரண்டு தவணையாக 3 லட்சம் வரை குறைந்த வட்டிக் கடன். உதவித்தொகையை யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அது 'குடும்பம் சார்ந்த பாரம்பரியத் தொழில்' என்று வரையறுக்கிறது. குரு சிஷ்ய மரபையும் குடும்பவழித் தொழிலையும் வலுப்படுத்துவதை நோக்கமாகச் சொல்கிறது. குறைந்தபட்ச வயது 18. கல்லூரிக்குப் போகலாமா என்று ஒரு பிள்ளை யோசிக்கிற அதே வயதில் சூளைக்குத் திரும்பக் கடன் தருகிறது.

இன்னொரு விதி அவ்வளவாகப் பேசப்படவில்லை. பலன் ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும். கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் சேர்ந்தது குடும்பம். தொழிலை வரையறுக்கும்போது முழுக் குடும்பமும் வேண்டும், பதிவு செய்யும்போது ஒரே ஒருவர் போதும். பிசைந்த கை, தேய்த்த கை, கண் எழுதின கை எல்லாம் ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. அது பெரும்பாலும் யாருடைய பெயராக இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

தமிழ்நாடு அரசு இத்திட்டத்தை இந்த வடிவில் ஏற்க முடியாது என்று 2024இல் தெரிவித்தது. 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 தொழில்கள், குடும்பப் பாரம்பரியம் என்ற நிபந்தனை இல்லை, குறைந்தபட்ச வயது 35. அந்த 35 என்ற எண் ஒரு அரசியல் நிலைப்பாடு. ஏற்கெனவே தொழிலில் நிலைத்துவிட்டவருக்கு உதவி, பிள்ளையைப் பிடித்து இழுக்க அல்ல என்று அந்த எண் சொல்கிறது. குலக்கல்வி எதிர்ப்பின் ஞாபகம் அதில் இருக்கிறது. இவ்வளவும் சரி. ஆனால் வீட்டுக்குள் 'வேலையோட வேலையா' வர்ணம் தீட்டுகிறவர் தொழிலாளியா, உதவியா என்ற கேள்விக்கு, நிபந்தனையை நீக்குவதால் மட்டும் விடை கிடைத்துவிடாது.

5

இங்கே இரண்டு எதிர்வினைகளை எதிர்பார்க்கலாம். ஒன்று பகுத்தறிவுத் தரப்பிலிருந்து: 'கொலுவே பார்ப்பனப் பண்டிகை, அது ஒழிஞ்சா என்ன நஷ்டம்?' கொலு இன்று பல சாதி வீடுகளிலும் கடைகளிலும் பரவிவிட்ட நிலையில் இது ஓரளவு பழைய வாதம். அதைவிட, வாங்குகிறவரின் நம்பிக்கையை மட்டும் பார்க்கிற வாதம் இது. செய்கிறவரின் பார்வையிலிருந்து கொலு ஒரு பருவத்து வேலை, அடுப்பெரிய வழி. குயவர் தெருவை ஒரு வரிகூடப் பேசாமல் கொலுவை மறுப்பதும் கொலுவை ரசிப்பதும் ஒரே படியில்தான் நிற்கின்றன.

இன்னொன்று பாரம்பரிய ஆர்வலர்களிடமிருந்து: 'அடுத்த தலைமுறை வர மாட்டேங்குது, கலை அழிஞ்சுடும்.' வராத பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வாக்கியம் இது. மருத்துவர் மகன் மருத்துவர் ஆகாவிட்டால் மருத்துவம் அழிந்துவிடும் என்று யாரும் அழுவதில்லை. அந்தக் கல்வி எல்லோருக்கும் திறந்திருக்கிறது, அதில் வருமானமும் மரியாதையும் இருக்கிறது. அச்சு எடுக்கவும் சூளை அடுக்கவும் வேறு சாதிப் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று ஆர்வலர்கள் கேட்பதில்லை. தங்கள் பிள்ளைகளை அனுப்புவார்களா என்பது அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு திறமை உயிரோடிருக்க அதிலிருந்து வெளியேற உரிமை வேண்டும், அதற்குள் வரவும் உரிமை வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் நாம் காப்பாற்ற நினைப்பது கலையையா, அந்தக் குடும்பத்தின் வேறு வழியின்மையையா என்று யோசிச்சுப் பார்க்கணும்.

கொலுவின் ஒன்பதாம் நாள் ஆயுத பூஜை. அரிவாள்மனையிலிருந்து லேத் மிஷின் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பொரிகடலை. கருவியை வணங்கும் ஒரு சமூகம் கையைக் கண்டுகொள்ளாமலிருக்க இதைவிடக் கச்சிதமான ஏற்பாடு கிடையாது. அன்று உளிக்கும் சக்கரத்துக்கும் ஓய்வு. சுண்டல் அடுப்புக்கு ஓய்வில்லை.

செய்ய வேண்டியவை பெரிய ரகசியங்கள் அல்ல. பொம்மையின் விலையில் தீட்டுகிறவரின் கூலி தனியாக எழுதப்பட வேண்டும். நல வாரியப் பதிவு வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் வேண்டும். மண்ணும் அச்சும் சூளையும் வர்ணமும் யாரும் சேர்ந்து படிக்கக்கூடிய பாடமாகப் பள்ளிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் வேண்டும். எழுதுகிற நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த புரட்டாசியில் 'குடும்பமே சேர்ந்து செய்தது' என்ற வாக்கியம் நம் பேனாவுக்கு வந்தால், அந்தக் குடும்பத்தில் யார் என்ன செய்தார், யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டுவிட்டு எழுதலாம்.