பிரிப்பது வேறு, காண்பது வேறு

இருமல் மருந்துக்கு இனிப்பும் பதமும் தருகிற கிளிசரினும், டை எத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நிறமில்லை, வாடையில்லை, இரண்டும் பாகுபோல் வழியும், இரண்டும் இனிக்கும். ஆனால் பின்னது குழந்தையின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்துவிடும். இத்தகைய கலப்பைப் பிரித்துக் காட்டுவதில் வண்ணப்பிரிகைக்கு, அதாவது குரோமட்டோகிராபிக்கு, இணையான முறை வேதியியலில் அரிது.

அதற்கு ஒரு சிறு தகடே போதும். சிலிக்கா பூசிய தகட்டின் அடியில் மாதிரியை ஒரு பொட்டாக வைப்பார்கள்; பக்கத்தில் தூய கிளிசரினுக்கு ஒரு பொட்டு, நஞ்சுக்கு ஒரு பொட்டு. அடிவிளிம்பைக் கரைப்பானில் நிறுத்தினால் அது மெல்ல மேலேறும். மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்ட கிளிசரின் சிலிக்காவைப் பற்றிக்கொண்டு கீழே தங்கிவிட, இரண்டு மட்டுமே உள்ள டை எத்திலீன் கிளைக்கால் அதைத் தாண்டிப் போகும். தகட்டை உலர்த்தி பொட்டாசியம் பெர்மாங்கனேட் தெளித்ததும், ஊதாப் பரப்பில் மஞ்சள் புள்ளிகள் தனித்தனியே எழும்.

தெளித்தால்தான் தெரியும் என்பதைக் கவனிக்க வேண்டும். ருஷ்யத் தாவரவியலாளர் மிகயில் ஸ்வெட் 1906இல் எழுதிய கட்டுரைகளில் இம்முறையை விளக்கியபோது, கால்சியம் கார்பனேட் தூள் அடைத்த குழாயில் இலை நிறமிகள் பச்சையும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாய் நின்றன. பிரிந்ததெல்லாம் கண்ணுக்கே தெரிந்தது. நிறமற்ற பொருள்களுக்கு இம்முறை வந்தபின் அந்த வசதி போய்விட்டது. குழாயின் முனையில் ஓர் உணர்கருவி தேவைப்பட்டது. என் குறை இங்கேதான். மருந்தின் வீரியத்தை அளக்க ஆய்வகங்கள் அன்றாடம் நம்பியிருப்பது உயர் செயல்திறன் திரவ வண்ணப்பிரிகைக் கருவியை. அதில் வழக்கமாகப் பொருத்துவது புறஊதா உணர்கருவி. டை எத்திலீன் கிளைக்கால் அந்த ஒளியை உறிஞ்சுவதில்லை. ஆகவே மருந்துக்கான முகடு வரைபடத்தில் குறைவின்றி எழும்; நஞ்சு அதே குழாய் வழியே தடம் காட்டாமல் வெளியேறும். அறிக்கையில் பொய் இருக்காது, மருந்து மட்டும் கொல்லும்.

வேறு குறைகளும் உண்டு. குழாயிலிருந்து ஒரே நேரத்தில் வெளிவருவதால் மட்டும் இரண்டு பொருள்கள் ஒன்றாகிவிடாது. நிறை நிறமாலைமானியை இணைத்தால் இந்த ஐயம் பெரும்பாலும் தீரும். ஆனால் அது எல்லோருக்கும் எட்டும் விலையில் இல்லை.

2025 அக்டோபரில், மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்த பிறகு, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தது. டை எத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. ஏற்கத்தக்க வரம்பு 0.1 சதவீதம். மாதிரி கைக்கு வந்து சில நாள்களில் கிடைத்த விடை அது. அதே கேள்வியை மூலப்பொருள் பீப்பாயிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த இரண்டு கட்டச் சோதனையில் முதல் கட்டம் நாம் பார்த்த தகடுதான். அதில் ஐயம் எழுந்தால் வாயு வண்ணப்பிரிகைக்குப் போகலாம். பீப்பாய் உள்ளே வரும் அன்றே எந்தச் சிறு தொழிற்சாலையும் தகட்டுச் சோதனையைச் செய்துவிட முடியும். செய்யாததற்குக் கருவியின் விலையைக் காரணம் காட்டுவதை ஏற்கவே முடியாது.